இயக்குநர் (பொறுப்பு)

பெயர்ப்பலகை எழுத வந்த வேடியப்பன்
அளவு நாடாவை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அடைப்புக்குறிக்கு எடம் பத்தலைங்க மேடம்.
பொறுப்பைக் கீழ் வரியில எறக்கிடட்டா?"
இறக்கினார்.
அது ஆகிறது மூன்று வருடம் நான்கு மாதம்.

காரிமங்கலம் தாண்டி
கிரானைட் லாரிகள் மூச்சு வாங்கும் மேட்டில்
எங்கள் அறக்கட்டளை.
பல்கலைக்கழக முத்திரை உண்டு.
சம்பளப் பட்டியலில் ஒன்பது பேர்,
ஒரு அயனிமானி,
இரண்டு மாமரம், காய்ப்பது ஒன்று.
ஆய்வும் தொழில்நுட்பமும் பெயரிலேயே இருப்பதால்
ஆதார் அட்டையோடு
ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களும் உண்டு.
எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

தலைமைப் பண்பு பற்றி
பெங்களூரில் மூன்று நாள் பயிற்சி.
கண்ணைக் கட்டிக்கொண்டு
கயிற்றைப் பிடித்து நடந்தோம்.
இங்கே வந்தபின்
டீசல் பில்லில் கையெழுத்து.
மார்ச் முப்பதில் வந்த பணம்
முப்பத்தொன்றுக்குள் செலவானதாக
ஒரு சான்றிதழ்.
ஜெனரேட்டருக்கு ஒரு கோப்பு,
அது ஓடாததற்கு இன்னொன்று.

பென்னாகரம் பக்கம் பதினொரு ஊரில்
எங்கள் வடிகலன் நின்றது.
நான்கு மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ளே போனால்
முக்கால்தான் வெளியே வரும்.
படம் எடுத்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள்,
துணைவேந்தர் ஒரு டம்ளர் குடித்தும் காட்டினார்.

ஐந்தாம் மாதம் திம்மராயன்
மாதிரி பாட்டில்களோடு வண்டியை விட்டு இறங்கும்போதே
முகத்தில் ரீடிங் தெரிந்தது.
மூன்று புள்ளி ஆறு.
மறுபடி பார் என்றேன்.
மூன்று புள்ளி ஆறு.
அலுமினாவுக்கு வயிறு நிறைந்துவிட்டது.
இனி அது வெறும் தகர டப்பா,
மேலே எங்கள் முத்திரை.

ஆட்சிக்குழுக் கூட்டத்தில்
ஓசூர் கம்பெனிக்காரர் ஒப்பந்தத்தோடு உட்கார்ந்திருந்தார்.
முந்திரித் தட்டு வலமாக நகர்ந்தது.
ஒரு உறுப்பினர், நல்ல மனிதர்தான்,
என் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்,
"வரைபடத்தை மூணாம் மாசத்தோட
நிறுத்திக்கலாமே" என்றார்.
"நீங்க இப்போதைக்குப் பொறுப்புதானே மேடம்.
முழு இயக்குநர் ஆனதும்
முழு வரைபடம் போட்டுக்குங்க."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அதை மறைக்க மாட்டேன்.
ஆனால் சிரிக்கும்போது
என் கை தானாக எழுந்து வாயை மூடியது.
பன்னிரண்டு வயதிலிருந்து இருக்கிற பழக்கம்.
சிக்கமாதனஅள்ளிக் கிணற்று நீர்
காவியாக்கிய பற்கள்.
முனைவர் பட்டத்துக்கும் வெளுக்கவில்லை.

கையை எடுத்தேன்.
ஐந்தாம் மாதத்தையும் திரையில் போட்டேன்.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.
கம்பெனிக்காரர் பேனாவை மூடினார்,
டீ நன்றாக இருந்ததென்றார்.
மினிட்ஸில் ஒரே வரி:
"பொருள் ஒத்திவைக்கப்பட்டது."

மறுநாள் வேடியப்பனைக் கூட்டிக்கொண்டு
பதினொரு ஊருக்கும் கிளம்பினேன்.
ஒவ்வொரு தகரத்திலும் சிவப்பில்:
குடிக்க வேண்டாம்.
முதல் ஊரிலேயே தூரிகையை நிறுத்திக் கேட்டார்:
"கீழே பேரு போடணுமா மேடம்?"
போடுங்க.
"இங்க தாராளமா எடம் இருக்கு.
அடைப்புக்குறியும் போட்டுடட்டா?"
குறி வேண்டாம், சொல்லை மட்டும் எழுதுங்க.

பொறுப்பு: சி. தீர்த்தம்மாள்.

பெயிண்ட் காய்வதற்குள்
குடத்தோடு ஒருத்தி வந்தாள்.
எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
என் பெயரில் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்,
வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, அப்ப எதைக் குடிக்கிறது?"

வேடியப்பன் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசினார்,
வேண்டியதைவிட நெடுநேரம்.